ஹெசரகட்டா புல்வெளியில் பந்தயம் வேண்டாம்: பெங்களூர் தமிழ் சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் ஞாயிறுதோறும் சைக்கிள் எடுத்துக் கிளம்பும் தமிழ்க் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரல் கடைசியில், பெங்களூருக்கு வடமேற்கே இருக்கும் ஹெசரகட்டா புல்வெளியில் மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்று வைக்கலாம் என்று உங்களுக்குள் பேச்சு ஓடுவது என் காதுக்கும் வந்தது. கூடவே தடத்தின் படமும் வந்தது. ஏரிக்கரையில் கிளம்பி, கால்நடைப் பண்ணையின் வேலியை ஒட்டிப் போய், அங்கே வண்டித்தடத்தை விட்டு விலகி, புல்லின் நடுவே நேர்க்கோடு போட்டு மறுபக்கம் இறங்குகிறது. நூறு பேருக்கு மேல் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களாம்.

அந்தப் பந்தயத்தை அங்கே வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். உங்களில் சிலரை எனக்கு நேரிலேயே தெரியும், போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வருஷம் ஒரு குழு விட்டால் அடுத்த வருஷம் இன்னொரு குழு எடுக்கும். அதனால் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

நான் காங்கேயம் பக்கத்துக்காரன். பீன்யாவில் லேத் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன், வீடு ஜாலஹள்ளியில். கேமராவும் கையுமாகத் திரியும் பறவைக்காரனும் இல்லை, வனத்துறை ஆளும் இல்லை. உங்களைப் போலவே பட்டன் டயர் போட்ட சைக்கிளில், சிக்கபாணாவரா, சோலதேவனஹள்ளி வழியாக விடியற்காலையில் ஏரிப்பக்கம் போகிறவன். இனியும் போவேன். சைக்கிளே அங்கே வரக்கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அறிவிப்பின் வரைவில் ஆள் நடமாட்டமே இல்லாத வெட்டவெளி என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்குப் போகிறவனுக்கு அப்படித்தான் தெரியும். அந்த நேரத்தில் மாட்டுக்காரர்கள் வீட்டில் பால் கறந்துகொண்டிருப்பார்கள். கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றி, கன்றைக் கட்டி, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு மாட்டை அவிழ்க்கும்போது எட்டு மணி, ஒன்பது மணி ஆகிவிடும். நாம் அதற்குள் தட்டே இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பியிருப்போம். அதனால்தான் இத்தனை வருஷமாக அவர்களும் நாமும் பெரிதாக முட்டிக்கொள்ளவில்லை. உங்கள் பந்தயமோ ஏழரைக்குத் தொடங்கி மதியம் வரை போகிறது. அவர்கள் வேலை செய்யும் நேரம் முழுவதும்.

அந்த நிலத்தின் பெரும்பகுதி கால்நடைத் துறையின் கையில் இருக்கிறது. டென்மார்க் நாட்டு உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணை, காளைகளின் உறைவிந்து தயாரிக்கும் மத்திய அரசு நிலையம், கோழி வளர்ப்பு நிலையம் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். மாடு சம்பந்தப்பட்ட வேலைக்கு அரசாங்கம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் புல். மைசூர்ச் சீமையில் மேய்ச்சல் நிலத்தைக் கட்டிக்காப்பது பழைய வழக்கம். சிக்க தேவராஜ உடையார் காலத்திலிருந்தே அரண்மனைக்கென்று மாட்டு மந்தை இருந்தது. திப்பு சுல்தான் அதற்கு அம்ரித் மஹால் என்று பெயர் வைத்தார். அவர் படையின் பீரங்கிகளையும் தளவாடங்களையும் இழுத்தது அந்த இனத்துக் காளைகள்தான். அந்த மந்தைகளுக்கென்று ஊர் ஊராக ஒதுக்கிவைத்த புல்நிலங்களைத்தான் இன்றும் காவல் என்று சொல்கிறார்கள்.

அந்தக் காவல்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமானால் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளக்கெரெக்குப் போய்ப் பாருங்கள். 2007க்குப் பிறகு பல ஆயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலம் ராணுவ ஆராய்ச்சிக்கும் அணுசக்தித் துறைக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் போயிற்று. அங்கே ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை அலைந்தார்கள். கர்நாடக நிலவருவாய் விதிகளில் நூறு மாட்டுக்கு முப்பது ஏக்கர் என்ற கணக்கில் ஊருக்கு மேய்ச்சல் நிலம் விட வேண்டும் என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. அதற்கு கோமாளா என்று பெயர். பெங்களூரைச் சுற்றி இருந்த கோமாளா எல்லாம் எங்கே போயிற்று என்பது லேஅவுட் போட்டவர்களுக்குத் தெரியும். ஹெசரகட்டாவிலேயே ஒரு காலத்தில் திரைப்பட நகரம் கட்டப் போவதாகப் பேச்சு இருந்தது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது சும்மா கிடக்கிற இடமாகத் தெரிகிறது. அந்த வரிசையில் நாமும் போய் நிற்க வேண்டுமா?

எங்கள் ஊர்ப்பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கொங்குக்காரர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். மழை குறைந்த அந்தச் சீமையில் காங்கேயம் மாடு இத்தனை தலைமுறையாக நிற்பதே அந்தக் காட்டை நம்பித்தான். வெளியூர்க்காரன் வந்து பார்த்தால் முள்ளும் புழுதியும்தான் தெரியும். ஆனால் உள்ளே போனவன் திரும்பும்போது படலைச் சாத்தாமல் வந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குக் கிடைக்கும் வசவு சாதாரணமாக இருக்காது. யார் காடு, யார் மாடு, எந்த மாசம் எந்தப் பக்கம் மேய விடுவது என்பதெல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரியும். ஹெசரகட்டாவில் கிளுவை வேலி இல்லை, படல் இல்லை. ஆனால் எந்த ஊர் மாடு எந்தச் சரிவில் மேயும், வெயில் ஏறினால் எந்தக் குட்டைக்கு இறங்கும் என்பது அங்கேயும் முடிவான விஷயம்தான். நம்மிடம் அதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் தடம் அப்படி ஒரு சரிவையும் ஒரு குட்டையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

இனி மாட்டுக்கு வருகிறேன். போன மழைக்காலம் முடிந்த சமயம் என் கண் முன்னால் நடந்தது இது. பண்ணைக்குக் கீழே இறங்கும் சரிவில் ஒரு அஜ்ஜி, கன்னடத்துப் பாட்டி, கறுப்புக் குடையும் கோலுமாக, நாலைந்து மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போன மூன்று இளைஞர்கள் சரிவில் பெடலை நிறுத்திவிட்டு வேகமாக இறங்கினார்கள். எந்தக் குழு என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இங்கே எழுதமாட்டேன். மாடுகளின் பின்னாலிருந்து வந்தார்கள். மற்ற மாடுகள் விலகிவிட்டன. ஒரு செவலைக் கிடாரி மட்டும் தடத்தின் மேலேயே, சைக்கிளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. முன்னால் போனவர் அதை விரட்டவில்லை, அது விலகட்டும் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அஜ்ஜி குடையைப் போட்டுவிட்டு "இளீரி, இளீரி" என்று கத்திக்கொண்டே ஓடினார், இறங்குங்கள் என்று. கிடாரி மழைநீர் அரித்த ஒரு பள்ளத்தில் முன்னங்கால் மடிந்து விழுந்து, எழுந்து நொண்டிக்கொண்டு நின்றது. சைக்கிள்காரர்கள் அதற்குள் ஏரிப்பக்கம் இறங்கி மறைந்துவிட்டார்கள். அஜ்ஜி அவர்களைத் திட்டக்கூட இல்லை. குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் குளம்பிலிருந்து முட்டி வரை ஒவ்வொரு இடமாக அழுத்தி, எங்கே அழுத்தினால் மாடு காலை இழுக்கிறது என்று பார்த்தார். நான் பக்கத்தில் போய் விசாரித்ததற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: தலையீத்து, எட்டு மாசம்.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அந்தக் கிடாரி முதல் கன்றைச் சுமக்கும் எட்டு மாசச் சினை. இது மூன்று பேரின் திமிர் பற்றிய கதை இல்லை. மாட்டின் கண் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியாததால் வந்த வினை. மாட்டுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை சுற்றளவுக்குப் பார்வை உண்டு. நேர் பின்னால் மட்டும் ஒரு பட்டை தெரியாது. அந்தப் பட்டைக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வேகமாக ஒன்று வந்தால் மாடு அதைப் புலி என்றுதான் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் கால்நடைகளின் நடத்தையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் டெம்பிள் கிராண்டின். மந்தையை ஓட்டுகிறவர்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடத்தில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு எல்லை இருக்கிறது, அதற்குள் நுழைந்தால் அது நகரும். இரண்டாவது, மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நீங்கள் நின்றால் அது முன்னால் போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். தடத்தில் பின்னாலிருந்து வரும் சைக்கிள், மாட்டை அதே தடத்தில் முன்னால் தள்ளிக்கொண்டே போவது இதனால்தான். ஓட்டுகிறவர் வழி கேட்பதாக நினைக்கிறார், மாட்டுக்கு அது துரத்தல். நம் ஊர் மேய்ப்பர்களுக்கு இது கிராண்டின் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மந்தையைத் திருப்ப அவர்கள் எந்தப் பக்கம் போய் நிற்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்தாலே போதும்.

நம்முடைய வண்டி சத்தமே போடாது என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. டிராக்டர் வந்தால் அரை மைல் தூரத்திலேயே மாட்டுக்குத் தெரிந்துவிடும், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். சைக்கிள் பத்தடிக்குள் வந்த பிறகுதான் தெரியும். புல்வெளியைப் பொறுத்தவரை சத்தமில்லாமல் வருவது ஆபத்தான குணம்.

தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான், ஏப்ரலில் இன்னும் அதிகம். மஞ்சள்மூக்கு ஆட்காட்டியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், பார்த்தேன் என்று உணராமலே. கோடையில்தான் அது முட்டையிடும். மண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் சின்னச் சின்னக் கற்கள், சில நேரம் ஆட்டுப் புழுக்கை, நடுவே நாலு முட்டை. முட்டை மண் நிறத்தில், கரும்புள்ளியோடு இருக்கும். சைக்கிளில் இறங்குகிறவனின் கண் முன்சக்கரத்துக்குப் பத்தடி தள்ளிக் கல்லைத் தேடிக்கொண்டிருக்கும், அந்தக் கண்ணுக்கு இதுவும் கற்களில் ஒன்று. சக்கரம் நேரே ஏறினால் போயிற்று. ஏறாவிட்டாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. ஏப்ரல் வெயிலில் அந்தப் பறவை முட்டை மேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. வெயில் கடுமையானால் குட்டைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிரவைக்கும். ஒரு சைக்கிள் பக்கத்தில் போனால் எழுந்து, தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றிவிட்டு, ஆபத்து போனதும் இறங்கிவிடும். பந்தயத்தில் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்புவீர்கள் இல்லையா? ஒவ்வொரு ஆளுக்கும் அது எழுந்துகொண்டால் காலை முழுக்க முட்டை வெயிலில்தான் கிடக்கும். கும்பலாக ஒரே நேரத்தில் போவதைவிட இது மோசம்.

வானம்பாடி, நெட்டைக்காலி, கௌதாரி, காடை எல்லாம் தரையில் கூடு வைப்பவைதான். 2011இல் வரகுக்கோழி ஒன்று இங்கே தென்பட்டபோது பறவைக்காரர்கள் ஊரைக் கூட்டினார்கள், ஏனென்றால் பெங்களூர்ப் பக்கம் அதைப் பார்த்து நூறு வருஷம் போல ஆகியிருந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் மரத்தில் அடையாது. பொழுது சாய்ந்ததும் உயரமான புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக அடையும். டிசம்பர் மாதத்தில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு இரவுச் சவாரி போகும் வழக்கம் உள்ள குழு எது என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இதற்கு உங்களிடமிருந்து வரப்போகும் பதில்களில் முதலாவது, ஜீப் வைத்துக்கொண்டு புல்லை உழுது போடுகிறவர்களை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறாயே என்பது. நியாயமான கோபம். வார இறுதியில் அந்தப் பெரிய வண்டிகள் செய்யும் அழிம்பை நானும் பார்க்கிறேன். ஆனால் சைக்கிளால் ஒன்றும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆன்டிலோப் தீவு என்று ஓர் இடம். பெரிய உப்பு ஏரிக்கு நடுவே புல்வெளி, 19ஆம் நூற்றாண்டிலிருந்து மாட்டுப் பண்ணையாக இருந்து பிறகு மாநிலப் பூங்கா ஆனது. காட்டெருமை மந்தை இருக்கிறது, மானும், மான் போலவே இருக்கும் பிராங்ஹார்னும் இருக்கின்றன, மலைச் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். டெய்லர், நைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் கண்டு விலங்குகள் என்ன செய்கின்றன என்று அளந்து 2003இல் வெளியிட்டார்கள். இரு தரப்பாரிடமும் விலங்குகள் காட்டிய வெருட்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. தடத்தில் போகிறவரிடமிருந்து 100 மீட்டருக்குள் இருக்கும் விலங்கு எழுந்து ஓடுவதற்கு 70 சதவீதம் வாய்ப்பு. தடத்தை விட்டு விலகி நடந்தவர்களைச் சோதித்தபோது மானுக்கு அது 96 சதவீதம் ஆயிற்று. 70 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமானால் 390 மீட்டர் தள்ளிப் போக வேண்டியிருந்தது. பழகிய தடத்தில் வருகிறவனை விலங்கு ஓரளவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது, தடம் விட்டு வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அதற்குத் தெரியாது. அங்கே வந்த மக்களையும் கேட்டிருக்கிறார்கள். பாதிப்பேர் தங்களால் விலங்குக்குத் தொந்தரவே இல்லை என்றார்களாம், தொந்தரவு என்றால் அது வேறு வகைப் பயணிகளால்தான் என்றும். படித்தபோது நம் வாட்ஸ்அப் குழுதான் ஞாபகத்துக்கு வந்தது.

யூட்டாவின் மானும் நம் கௌதாரியும் ஒன்றல்ல, அந்த எண்களை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனால் தடத்துக்கும் தடம் இல்லாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு எந்த ஊரிலும் உண்டு. உங்கள் படத்தில் என்னை உறுத்துவதும் அந்த நேர்க்கோடுதான். மாட்டுவண்டித் தடத்தில் போங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். நூறு பட்டன் டயர் ஒரே காலையில் ஒரே கோட்டில் போனால் அன்றோடு அது தடம் ஆகிவிடும். அடுத்த வாரம் பைக் வரும், அதற்கடுத்த வாரம் நீங்கள் திட்டும் அதே ஜீப் வரும். ஜூனில் மழை பிடித்தால் அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கி மண்ணை அரிக்கும். கிடாரி விழுந்த பள்ளமும் அப்படி ஒரு பழைய சக்கரத்தடத்தில் உண்டானதுதான். அந்தச் சரிவின் தண்ணீர் எல்லாம் ஏரிக்குத்தான் போக வேண்டும். 1894இல் அர்க்காவதியை மறித்து பெங்களூருக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டிய ஏரி அது. இன்று அது கிடக்கும் நிலையில் மண் வேறு போய்ச் சேர வேண்டாம்.

பாதை காட்ட நீங்கள் கட்டும் பிளாஸ்டிக் ரிப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டி முடிந்ததும் அவிழ்த்துவிடுவோம் என்பீர்கள். அதற்குள் மாடு இரண்டைத் தின்றிருக்கும். எனர்ஜி ஜெல் பாக்கெட்டின் கிழித்த மூலைகளையும் எந்தத் தன்னார்வலராலும் பொறுக்கி முடிக்க முடியாது. இனிப்பும் உப்பும் ஒட்டியிருப்பதால் மாடு அதைத் தேடி நக்கும். வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் அங்கேயே தங்கி உருண்டையாகும், ஜீரணமும் ஆகாது, வெளியேயும் வராது.

இரண்டாவது பதில், சட்டம் தடுக்கவில்லையே என்பது. இந்தப் புல்வெளியைக் காப்பகமாக அறிவிக்கும் யோசனையை மாநில வனவிலங்கு வாரியம் 2021இல் வேண்டாம் என்று ஒதுக்கியது. விவகாரம் உயர் நீதிமன்றம் போயிற்று. பிறகு 2024 அக்டோபரில் அதே வாரியம் ஒப்புக்கொண்டது, சுமார் 5,678 ஏக்கர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36அ பிரிவில் வரும் இந்த வகைக் காப்பகம் சரணாலயம் மாதிரி உள்ளே கால் வைக்கவே சீட்டு கேட்பது அல்ல. மேய்ப்பவர்களை வெளியே தள்ளுவதும் அல்ல. அதனால் சைக்கிள் ஓட்டுவதையே குற்றம் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் அடுத்த பிரிவைப் படித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட காப்பகத்தை எப்படி நடத்துவது என்று வனத்துறைக்கு யோசனை சொல்ல ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலிருந்தும் ஓர் ஆள், வனவிலங்கு அமைப்புகளிலிருந்து மூன்று பேர், வேளாண் துறையும் கால்நடைத் துறையும் தலா ஒருவர். சைக்கிள்காரனுக்கு நாற்காலி கிடையாது. நாளைக்கு அங்கே சைக்கிளை விடலாமா என்று பேச்சு வந்தால், நமக்காக வாய் திறக்கக்கூடியவர் அந்தப் பஞ்சாயத்து ஆள் மட்டும்தான். அவர் வீட்டு மாட்டை நாம் பள்ளத்தில் தள்ளிவிட்டு அவரிடம் என்ன முகத்தோடு போய் நிற்பது?

பந்தயம் ஒருபக்கம் இருக்கட்டும். வழக்கமான ஞாயிறுச் சவாரியையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். உலக மலைச் சைக்கிள் சங்கம் 1988இல் தொடங்கியது, அது வகுத்த ஆறு விதிகளில் ஒன்று விலங்குகளை வெருட்டாதே என்பது. அதைப் புதிதாகச் சேருகிறவர்களிடம் நம் குழுக்களில் யாரும் சொல்வதில்லை. ஹெல்மெட்டுக்கும் டியூபுக்கும் ஐந்து பத்தி எழுதுகிறோம். மந்தையைக் கண்டால் தூரத்திலேயே இறங்கிவிடுவது, மணியடிப்பது, மணி இல்லாவிட்டால் சத்தமாகப் பேசிக்கொண்டே வருவது, பின்னாலிருந்து போகாமல் சுற்றிவந்து மாட்டின் கண்ணுக்கு நாம் தெரியும்படி நடந்து கடப்பது, மேய்ப்பவர் கையைக் காட்டிய பிறகு ஏறுவது. இதற்கு மூன்று நிமிடம் ஆகும். நம் சவாரி நேரத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் அந்த மூன்று நிமிடம் நம் மானத்தை வாங்கிவிடும் என்றால் அந்தச் சரிவுக்கு நேரம் பார்ப்பதையே நிறுத்துங்கள், அங்கே பதிவாகியிருக்கும் பகுதியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கேட்டால் அதை முதலில் செய்ய வேண்டும். மழை விட்ட மறுநாள் ஈர மண்ணில் போகக்கூடாது. மார்ச் முதல் ஜூலை வரை வண்டித்தடத்தை விட்டு ஒரு சக்கரமும் இறங்கக்கூடாது. ஆட்டுமந்தையோடு நாய் இருக்கும், அது துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஆட்டுக்காரர் ஒரு குரல் கொடுத்தால் போய்விடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

அங்கே இருப்பவர்களோடு பேசுங்கள் என்று நான் சொன்னால் எனக்குக் கன்னடம் வராது என்று சிலர் சொல்வீர்கள். பத்து வருஷம் இங்கே இருந்துவிட்டு அதைச் சொல்லாதீர்கள். அதுவும் போக, அந்த அஜ்ஜிக்கு நம் தமிழ் புரிகிறது. யஷ்வந்தபுரம் சந்தைக்குப் போய் வந்தவர்கள் அவர்கள்.

பந்தயத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் வருகிறேன். பெங்களூர் கிராமப்புற மாவட்டத்திலும் கோலார் பக்கமும் தனியார் தைலமரத் தோப்புகள் எத்தனையோ இருக்கின்றன. உள்ளே மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட மண் தடம் இருக்கும், ஏற்ற இறக்கம் இருக்கும், புல்லும் இல்லை, மேய்ச்சலும் குறைவு. உடையவரிடம் நேரில் போய்ப் பேசி, ஒருநாள் வாடகை கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு நடத்தலாம். படத்தில் புல்வெளி அளவுக்கு அழகாக இருக்காது, உண்மைதான். மாலூர்ப் பக்கம் அப்படிப்பட்ட தோப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் என் பட்டறைக்கு வேலை கொடுக்கிறவர்கள். கேட்டுவிட்டேன், ஒருவர் மே மாதம் என்றால் சரி என்கிறார். பார்க்க வருகிறவர்கள் வரும் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வரலாம், அவரே தோப்பைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் முடிவு என்னவானாலும் ஹெசரகட்டா தடத்தின் படத்தைக் குழுக்களிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். பந்தயம் நடக்காவிட்டாலும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு நாலு பேர் ஓட்டிப் பார்க்கக் கிளம்புவார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களிடம் இடம் மாறிய காரணத்தைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நானே வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஜாலஹள்ளியிலிருந்து உங்களில் ஒருவன்